கூட இருப்பவர்

இளமாறன் தன் மனைவிக்கு முதல் பொய் வலிப்பை வரவழைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஆறு நாற்பதுக்கு. அதற்கு ஒரு விரல் போதுமானதாக இருந்தது.

போனில் வழக்கமான கேள்வி வந்து நின்றது. ‘இன்று நறுமுகை எங்காவது வெறித்தபடி, கூப்பிட்டால் பதில் இல்லாமல், சில விநாடிகள் உறைந்து இருந்தாரா?’ ஏழு மாதமாக ‘இல்லை’யைத் தொட்டுவிட்டு டீ போடப் போகிற ஆள் அவன். அன்று ‘ஆம்’ என்பதைத் தொட்டான். ‘எத்தனை விநாடி?’ என்று கேட்டது. எட்டு என்றான். பத்து என்றால் குத்துமதிப்பாகச் சொன்னது போலிருக்கும். எட்டு என்றால் எண்ணிப் பார்த்தது போலிருக்கும். கரூரில் மின்பேருந்துக்குக் கூண்டு கட்டுகிற கம்பெனியில் பதிமூன்று வருடமாகத் தரப் பரிசோதகன். எந்த எண்ணைப் பார்த்தால் மேலே உள்ளவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி.

‘நன்றி. உங்கள் தகவல் சேர்க்கப்பட்டது’ என்றது போன்.

அந்த நேரத்தில் நறுமுகை புலியூர் மைதானத்தில், சாரம் கட்டிப் போட்ட மேடை மேல் உட்கார்ந்து கபடிக்கு வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ட்ரோன் கேமரா வட்டமிட, நேரடி ஒளிபரப்பு. இளமாறன் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தது ஆட்டத்தை அல்ல.

“வர்றாரு, வெள்ளியணையோட மூணாம் நம்பரு வர்றாரு. கோட்டைத் தொடப் போறாரா, இல்ல கோட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பப் போறாரா...”

“கும்பிடு போட்டா பாயிண்ட் உண்டா முகை?” இது ஜெரோம். பக்கத்து மைக். பக்கத்து நாற்காலி.

“பாயிண்ட் இல்லீங் வாத்தியாரே. பிரசாதம் உண்டு.”

மைதானம் சிரித்தது. இளமாறன் சிரிக்கவில்லை. முகை. கல்யாணமான மறுவாரம் அவன் வைத்த பெயர் அது. வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர். இன்று மூவாயிரம் பேர் காதில் விழும்படி ஒரு பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் அதை மைக்கில் சொல்கிறான்.

அதைக்கூட விழுங்கியிருப்பான். அடுத்து நடந்ததுதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஜெரோம் ஒரு பிடியை வர்ணிக்கப் போய் நடுவில் தடுமாறினான். “அப்படியே காலைக் கவ்விட்டாரு பாருங்க, அந்த, அந்த... தண்ணிக்குள்ள கெடக்குமே...”

“முதலை” என்றாள் நறுமுகை, கண நேரத்தில். “வாத்தியாருக்கு முதலை மறந்துபோச்சுங்க. ஹெட்மாஸ்டர் ரூமுக்கு அடிக்கடி போறவருக்கு மறக்கலாமா?”

மறுபடி சிரிப்பு. ஜெரோமின் சிரிப்புதான் அதில் பெரியது.

அவள் எடுத்துக் கொடுத்தாள். வேறொருவனுக்கு.

இளமாறன் போனைக் கையில் எடுத்தது அப்போதுதான்.

*

எடுத்துக் கொடுப்பது என்றால் அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று தெரிந்தால்தான் அவன் வயிற்றெரிச்சல் புரியும்.

நறுமுகைக்கு முதல் வலிப்பு கல்யாணமாகி ஒரு வருடத்தில் வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால். முதல் மாத்திரை வலிப்பைக் குறைத்தது, ஈறை வீங்க வைத்தது, சீப்பு நிறைய முடியைக் கொடுத்தது. இரண்டாவது மாத்திரை கோபத்தைக் கொடுத்தது. குரல் உயர்த்தாத பெண் ஒரு காலையில் இட்லித் தட்டைச் சுவரில் அடித்துவிட்டு, அது வளைந்ததைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். மூன்றாவது மாத்திரை வலிப்பை அடியோடு நிறுத்தியது. சீட்டில் ‘நன்றாக ஒத்துக்கொள்கிறது’ என்று எழுதினார்கள். வார்த்தை போனதை யாரும் எழுதவில்லை.

“மாமா, அந்த... வட்டமா, அடுப்புல வெச்சு...”

“தோசைக்கல்லா?”

“ம்.”

கல்யாணத்துக்கு முன்பிருந்தே கபடி மைக்கில் நாற்பது நிமிடம் தண்ணீர் குடிக்காமல் பேசிய வாய் அது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவளைப் பெண் பார்க்கவே போனான். மைக்கை விட்டாள். வலிப்புத்தான் நின்றுவிட்டதே, இதெல்லாம் ஒரு குறையா என்றார்கள் சொந்தக்காரர்கள். யாராவது கேள்வி கேட்டால் அவள் இளமாறன் முகத்தைப் பார்ப்பாள். அவன் பதில் சொல்வான். விசேஷ வீட்டில் அவன் தோளை விட்டு நகர மாட்டாள். ஐந்து வருடம் அவளுடைய வாக்கியங்களில் பாதி அவன் வாயிலிருந்துதான் வந்தது.

அந்த ஐந்து வருடமும் அவன் சந்தோஷமாக இருந்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

அப்புறம்தான் துளி என்கிற கருவி வந்தது.

“இத்தனை வருஷம் எல்லாருக்கும் ஒரே அளவு செருப்பு குடுத்துட்டு, கடிச்சா பழகிக்கங்கன்னு சொல்லிட்டு இருந்தோம்” என்றார் நரம்பியல் டாக்டர் ஃபர்ஸானா. “இது தினமும் கால் அளவு பாத்துத் தைக்கிற செருப்பு.”

கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் வைப்பது. சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது. உள்ளே மூன்று மாதத்துக்கான மருந்து. காதுக்குப் பின்னால் நூலளவு ஓர் உணரி. தினமும் அந்த நூல் சொல்வதையும், நோயாளி தூக்கம், எரிச்சல், வார்த்தை பற்றிச் சொல்வதையும் வைத்து அன்றைய அளவை அதுவே கூட்டும், குறைக்கும். மூன்றாவதாக இன்னொருவர் சொல்வதும் வேண்டும்.

“மூணாவது ஆள் எதுக்குங்க டாக்டர்?” என்று கேட்டான் இளமாறன்.

“பெரிய வலிப்புன்னா தெருவே கூடிடும். சின்னது அப்படியில்ல. வந்தவங்களுக்கே தெரியாது. படம் ஓடிட்டு இருக்கறப்ப நடுவுல ஒரு துண்டை வெட்டி ஒட்டின மாதிரி. மூளைக்குள்ள ஆழத்துல நடக்கறது எல்லாம் நூலுக்கும் கேக்காது. பக்கத்துல இருக்கறவங்க கண்ணுதான் பாக்கணும். அதனால ‘கூட இருப்பவர்’னு ஒரு பேரு வேணும்.”

நறுமுகை அவனைக் காட்டினாள். “இவரு.”

அந்த ஒரு சொல்லை அவள் தேடவில்லை.

“எவ்வளவு மருந்து போகுதுன்னு எங்களுக்குத் தெரியுங்களா?”

“தெரியாது. முன்னாடி காட்டிட்டுத்தான் இருந்தோம். கூடியிருக்குன்னு பாத்ததுமே பாதிப் பேருக்குத் தலை சுத்த ஆரம்பிச்சுது.”

நான்காவது மாதம் ஒரு காலையில் நறுமுகை அடுப்பைத் துடைத்தபடி, “மாமா, தோசைக்கல்ல அப்படியே எடுத்துக் குடுங்க” என்றாள். இளமாறனின் நாக்கு நுனியில் தயாராக இருந்த சொல் அங்கேயே நின்றது. மறுவாரம் அவள் கபடிக் கழகத்துக்குப் போன் போட்டாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் வாத்தியாரைப் பற்றி, வாத்தியாரின் ஜோக்கைப் பற்றி, வாத்தியார் விசிலைத் தொலைத்ததைப் பற்றி. இளமாறன் எடுத்துக் கொடுக்க ஒரு சொல்கூட மிச்சம் வைக்காமல்.

*

முதல் பொய்க்குப் பிறகு மற்றவை சுலபமாக வந்தன. மேட்ச் இருக்கிற நாளெல்லாம் ஒரு ‘ஆம்’. ஏழு விநாடி, ஒன்பது விநாடி, மறுபடி எட்டு. மருந்து கூடும். கூடினால் வார்த்தை குறையும். வார்த்தை குறைந்தால் மைக் தானாகக் கீழே வரும். வலிப்பு வராமல் காப்பாற்றுகிற மருந்துதானே கூடுகிறது, கெடுதல் ஒன்றும் இல்லையே என்று தனக்கு ஒரு வக்கீலையும் மனதுக்குள் வைத்துக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்துப் பலன் தெரிந்தது.

“நாளைக்குக் காலைல மறக்காம அந்த...” என்று ஆரம்பித்தவள் நின்றாள்.

கண் அவன் தோளைத் தாண்டிச் சுவரில் இருந்தது. விரல்கள் துப்பட்டா ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தன. எதையோ ருசி பார்ப்பதுபோல உதடு லேசாக அசைந்தது. இளமாறனுக்கு உள்ளே ஓர் இனிப்பு பரவியது. எத்தனை மாதமாயிற்று.

“சிலிண்டரா?” என்றான் மென்மையாக.

அவள் பதில் சொல்லவில்லை. சற்றுக் கழித்து, “ம்? என்ன சொல்லிட்டிருந்தேன்?” என்றாள்.

“சிலிண்டர் சொல்லணும்னு.”

“ஆமால்ல.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “திரும்பப் போகுது மாமா. வார்த்தை. மருந்து கூடிருச்சோ என்னவோ.”

“டாக்டர் பாத்துக்குவாங்க.”

அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். அதற்காக அவன் இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பான்.

நாளுக்கு ஒரு முறை, சில நாள் இரண்டு முறை அவள் நின்றாள். ஒவ்வொரு முறையும் அவன் எடுத்துக் கொடுத்தான். புளி, சாவி, சித்தப்பா, வியாழக்கிழமை. ஒரே ஒரு குறை. மைக் கீழே வரவில்லை.

“குளித்தலை ஃபைனல் வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு ஓட்டிருவேன்” என்றாள் நறுமுகை. “அதுக்கப்பறம் பாக்கலாம்.”

ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலை டாக்டர் ஃபர்ஸானாவிடமிருந்து இளமாறனுக்கு அழைப்பு வந்தது. அவனை மட்டும் வரச் சொல்லி.

*

“பதினாலு தடவை ‘ஆம்’னு சொல்லியிருக்கீங்க” என்றார் டாக்டர், திரையை அவன் பக்கம் திருப்பி. “பதினாலும் மேட்ச் நாள்.”

இளமாறன் திரையில் இருந்த பதினான்கு சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தான்.

“பயப்படாதீங்க. நீங்க முதல் ஆள் இல்ல. மருமக அம்மா வீட்டுக்குப் போகணும்னு கேட்ட நாளெல்லாம் ‘கோபம் அதிகம்’னு எழுதற மாமியார் இருக்காங்க. பொண்ணு வேலைக்கு வெளியூர் போறது பிடிக்காம ‘தூக்கமே இல்ல’ன்னு எழுதின அப்பா இருக்காரு. மருந்து ஒத்துக்குதான்னு நாங்க கேக்கறோம். அவங்க ஒத்துக்காதது வேற என்னமோ, அத எழுதறாங்க. அதனால துளி ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு மதிப்பெண் வெச்சிருக்கு. பொய்னு பட்டா குறைச்சிட்டே வரும். உங்களது மூணாவது வாரமே பூஜ்யம்.”

“பூஜ்யம்னா?”

“நீங்க எழுதற எதுவும் அதுக்குக் காதுல விழாது.”

அவமானம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது குழப்பம். “அப்ப மருந்து கூடலீங்களா?”

“கூடறதா? குறைஞ்சிருக்கு. நூல்ல ஒண்ணும் இல்ல. அவங்க வார்த்தை தட்டுதுன்னு சொல்லச் சொல்ல, மருந்து அதிகம்னு நெனச்சு துளி இன்னும் குறைச்சிட்டே போச்சு. ஜூன்ல இருந்ததுல பாதிதான் இப்ப.” டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “அதான் எனக்குப் புரியல. பாதி மருந்துக்கு வார்த்தை போகக் கூடாது. உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடல. எப்படி நிக்கறாங்க, நீங்க என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க. இந்த ஒரு தடவை நிஜமா.”

அவன் சொன்னான். சுவரைப் பார்க்கிற கண். துப்பட்டா ஓரத்தைத் தேய்க்கிற விரல். ருசி பார்க்கிற உதடு. சொல்லிக்கொண்டே போகையில் டாக்டரின் முகம் அசையாமல் இருப்பதைக் கவனித்தான்.

“என்னங்க டாக்டர்?”

“வார்த்தை தேடறவங்க கண்ணு தேடும், இளமாறன். உங்களப் பாக்கும், உதவி கேக்கும். நீங்க சொல்ற கண்ணு யாரையும் பாக்கல.”

“புரியலீங்க.”

“நீங்க எடுத்துக் குடுத்ததும் உடனே அந்த வார்த்தையைச் சொல்லிருவாங்களா?”

யோசித்தான். சிலிண்டர். புளி. சாவி. ஒரு முறைகூட உடனே சொன்னதில்லை. அவன் சொன்ன பிறகும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகத் திரும்பி, என்ன சொல்லிட்டிருந்தேன் என்றுதான் கேட்பாள். ஒவ்வொரு முறையும்.

“நீங்க எடுத்துக் குடுத்தப்ப அவங்க அங்க இல்ல” என்றார் டாக்டர். “அது மருந்து பண்ணினது இல்ல. அது வலிப்பு.”

நடக்காத பதினான்கை எழுதினான். நடந்தவை ஐம்பதோ அறுபதோ, அவ்வளவும் அவன் கண்ணெதிரே, ஒரு கை தூரத்தில். ஒன்றைக்கூட எழுதவில்லை. ஒவ்வொன்றையும் ரசித்து, அதன் மேல் ஒரு சொல்லை வைத்து மூடியிருக்கிறான்.

“இப்பவே கூட்டுங்க டாக்டர்.”

“உங்க பேச்சை வெச்சு முடியாது. என் கையால கூட்டணும்னா அவங்க சம்மதிக்கணும். கூட்டினா வார்த்தை போகும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஃபைனல். தன்னால பாக்கவே முடியாத ஒண்ண அவங்க நம்பணும். யார் சொன்னா நம்புவாங்க?” திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “மேடை எவ்வளவு உயரம்?”

“குளித்தலைல இருபத்தஞ்சு அடி. ஏணில ஏறணும்.”

“சின்னது எப்ப பெரிசாகும்னு யாராலயும் சொல்ல முடியாது” என்றார் டாக்டர் ஃபர்ஸானா. “ஏணில பாதில இருக்கறப்பவும் ஆகலாம்.”

*

ஜெரோம் வேலை பார்க்கிற பள்ளிக்கு இளமாறன் போனபோது மதிய இடைவேளை. ஆளில்லாத மைதானத்தில் ஜெரோம் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நெருக்கத்தில் பார்த்தால் வழுக்கை தொடங்கியிருந்தது. அதில் இளமாறனுக்கு ஓர் அற்பத் திருப்தி, அந்த நேரத்திலும்.

“வாங்ணா. என்ன இவ்ளோ தூரம்? மேட்ச் முடிஞ்சு கூட்டிட்டுப் போக வந்தாக்கூட கார்ல கண்ணாடிய ஏத்திட்டு உக்காந்திருப்பீங்க, எறங்கிப் பாத்ததே இல்லியே.”

குத்தலை அவன் கண்டுகொள்ளவில்லை. “மைக்ல பேசறப்ப அவ நடுவுல நிக்கறாளா?”

ஜெரோம் சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தான். “நிக்கும்ங்ணா. ஒரு ஒண்ணரை மாசமா. பதினோரு விநாடி. சில சமயம் பத்து.”

“எண்ணுவியா?”

“ரெய்டே முப்பது விநாடிதானுங்களே. எண்ணி எண்ணிப் பழக்கம். எண்ணிட்டே நான் பேசிருவேன். மைக்ல பேச்சு அறுந்து போகக் கூடாதுல்ல.”

“அவகிட்டச் சொன்னியா?”

“ஒருக்காச் சொன்னேன். மருந்து பண்ற வேலை, ஃபைனல் வரைக்கும் இதப் பத்திப் பேசினா வேற ஆளைப் பாத்துக்கறேன்னுட்டா. சரி, வீட்டுல நீங்க பாக்கறீங்க, எழுதறீங்க, டாக்டருக்குப் போயிருக்கும்னு விட்டுட்டேன்.”

பதினொன்று. எண் இவனிடம் இருந்தது. எட்டு, ஏழு, ஒன்பது என்று கற்பனையில் எண்ணியவனுக்குத் தெரியாத எண் பக்கத்து நாற்காலிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. இவன் அவளைப் பார்த்திருக்கிறான். பார்த்து, எண்ணி, அவளிடமே போய்ச் சொல்லி, திட்டும் வாங்கியிருக்கிறான். இத்தனை நாள் இளமாறன் பொறாமைப்பட்டது சிரிப்புக்கு, முதலைக்கு, ஒரு பெயருக்கு. பொறாமைப்பட வேண்டிய இடம் இதுதான் என்று சுண்ணாம்பு வெயிலில் நின்றபோது உறைத்தது. முன்னதெல்லாம் கொசுக்கடி. இது எரிந்தது.

“கூட இருப்பவர்னு உன் பேரைப் போட்டுடறேன்” என்றான். ஒவ்வொரு சொல்லையும் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கி வெளியே வைத்தான். “நீ எழுது. உன்னைத் துளி நம்பும்.”

ஜெரோம் தலையை ஆட்டினான். “துளி நம்பும். முகை நம்பமாட்டா. நீங்க சொல்லிக் குடுத்து நான் எழுதறேன்னு சொல்லுவா. எம்மேல உங்களுக்கு என்ன இருக்குன்னு மைதானத்துக்கே தெரியும்ங்ணா, அவளுக்குத் தெரியாதா? திடீர்னு நாம ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா அதுவே சந்தேகம்.” டப்பாவை எடுத்துக்கொண்டான். “மொதல்ல நீங்க போய்ப் பேசுங்க. என்ன பேசணும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு முகத்துல தெரியுது.”

*

சாயங்காலம் நறுமுகை கூடத்தில் இரண்டு அணிகளின் பெயர்ப் பட்டியலைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் முணுமுணுத்தது. அவன் எதிரில் உட்கார்ந்தான்.

“முகை.”

“அட. இந்தப் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா? எத்தனை மாசமாச்சு.”

“ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க. குளித்தலை டீம்ல மூணு கார்த்தி. அதுக்கே எனக்குத் தலை சுத்துது.”

அவன் தரையைப் பார்த்தான். பார்த்தபடியே சொன்னான். செவ்வாய்க்கிழமை, ஆறு நாற்பது, எட்டு விநாடி. பதினான்கு தடவை. ஏன் என்றும் சொன்னான், முதலையை விடாமல். மூச்சு விடாமல் கொட்டி முடித்துவிட்டு, விழப் போகிற வார்த்தைக்காகக் கழுத்தைக் குனிந்து காத்திருந்தான்.

ஒன்றும் விழவில்லை.

நிமிர்ந்தான். நறுமுகையின் கண் அவனைத் தாண்டிக் காலண்டரில் இருந்தது. விரல்கள் பட்டியலின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தன. உதடு எதையோ ருசி பார்த்தது.

அவன் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டான். எண்ண ஆரம்பித்தான். நான்கு. ஐந்து. இவ்வளவு நீளமா ஒரு விநாடி. எட்டு என்று எத்தனை அலட்சியமாகத் தொட்டிருக்கிறான். ஒன்பது. பத்து. அவள் முகத்தில் அவள் இல்லை. பதினொன்று.

இமை அசைந்தது. திரும்பி வந்தாள். “ம்? என்னமோ சொல்லணும்னீங்களே?”

அவளுக்கு விழவில்லை. ஒரு சொல்கூட விழவில்லை. முன்னால் அரைகுறையாகக் கேட்டிருந்தால் அதுவும் சேர்த்து, அவன் கொட்டியதெல்லாம் அந்த வெட்டுப்பட்ட துண்டோடு போய்விட்டது. இப்போது, ஃபைனலுக்கு என்ன புடவை என்று கேட்டால் போதும். எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். அவள் எப்போதும்போல் அவன் தோளில் சாய்வாள். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் ஏணியில் ஏறுவாள்.

“இப்ப பதினோரு விநாடி நீ இங்க இல்ல” என்றான்.

அவள் முகம் கதவு சாத்தியதுபோல் ஆயிற்று. “ஃபைனலுக்கு மூணு நாள் இருக்கறப்ப வருதுங்களா இது?”

“வந்துச்சு. நான் எண்ணினேன்.”

“நான் இங்கதான் உக்காந்திருக்கேன். பேரு படிச்சிட்டிருந்தேன். வாத்தியார் ஒருக்கா இப்படித்தான் ஆரம்பிச்சாரு. இப்ப நீங்களா? மைக்ல நான் ஏறக் கூடாது, அதானுங்களே?”

“ஏறக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“அப்பறம் நீங்க சொல்றத நான் எதுக்கு நம்பணும்?”

“நம்பக் கூடாது. ஏன் நம்பக் கூடாதுன்னுதான் சொல்லிட்டிருந்தேன். உனக்கு விழல. மறுக்காச் சொல்றேன்.”

இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, அவள் கண் தன்னிடம்தான் இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்ததைச் சொன்னான். பதினான்கைச் சொன்னான். துளி தனக்குப் போட்ட பூஜ்யத்தைச் சொன்னான். மருந்து கூடவில்லை, பாதியாகியிருக்கிறது என்றதும் அவள் புருவம் சுருங்கியது. ஜெரோமிடம் போனதையும், ஜெரோம் எண்ணியதும் பதினொன்றுதான் என்பதையும் சொன்னான். முதல் முறை சொல்லாத ஒன்றையும் சொன்னான். அவள் வார்த்தையில்லாமல் இருந்த அந்த ஐந்து வருடமும் தான் சந்தோஷமாக இருந்ததை.

“இதையெல்லாம் சொல்லி உங்களுக்கு என்ன ஆகப் போகுது?” என்று கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் ஆகாது. நல்லது எதுவும் ஆகாது.”

அவள் பேசவில்லை.

அவன் எண்ணினான். ஐந்து. ஆறு. விரல்கள் காகிதத்தின் மேல் அசையாமல் இருந்தன. ஒன்பது. உதடு இறுகியிருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இருபதைத் தாண்டியது. கண் காலண்டருக்குப் போகவில்லை. அவன் முகத்தை விட்டு நகரவே இல்லை. நிரம்பி, வழியாமல் நின்றது. எட்டு வருடத்தில் அவள் இவ்வளவு முழுசாக எதிரில் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்ததில்லை. இந்த மௌனத்துக்கு எந்த மருந்தும் கிடையாது என்பது நாற்பதாவது விநாடியில் அவனுக்குப் புரிந்தது.

பட்டியலை மடித்து ஓரமாக வைத்தாள்.

“டாக்டருக்குப் போன் போடுங்க. நான் பேசறேன்.”

எண்ணைத் தேடிப் போட்டு, போனை அவள் பக்கம் நீட்டினான். மணி அடிக்கத் தொடங்கியது. வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

“நடுவுல நான் நின்னேன்னா எத்தனை விநாடின்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”